காரில்லாமல் ஒரு வார இறுதி: கிராஞ்சிக்குச் சென்று வருவோம்

"இந்தச் சனி, ஞாயிறு எங்கே போகலாம்?" என்ற கேள்வி சிங்கப்பூரில் வாழும் நம் குடும்பங்களில் எழும்போது, பெரும்பாலும் இரண்டு விடைகளே வருகின்றன. ஒன்று ஜோகூர் பாரு. மற்றொன்று, "பேசாமல் வீட்டிலேயே இருந்துவிடலாம்" என்பது. கார் உள்ளவர்களுக்கு இன்னும் சில விடைகள் உண்டு. ஆனால் இந்நாட்டில் கார் என்பது எல்லோருக்கும் எட்டக்கூடியதன்று. 1990ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கிய வாகன உரிமைச் சான்றிதழ் முறையில், சிறிய கார் ஒன்றுக்கான சான்றிதழின் விலை மட்டும் 2023 அக்டோபரில் 106,000 வெள்ளியைத் தொட்டது. காரின் விலை அதற்குமேல் தனி.

எனவே இக்கட்டுரை, கையில் பயண அட்டையும் காலில் நல்ல செருப்பும் மட்டுமே உள்ளவர்களுக்காக எழுதப்படுகிறது. வீட்டில் வயதான தாய் தந்தையரும் பள்ளி செல்லும் பிள்ளைகளும் உள்ளவர்கள் இதைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம். செல்லும் இடம் கிராஞ்சி. தீவின் வடகோடி.

கிராஞ்சி என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது குதிரைப் பந்தயம்தான். அந்தப் பந்தயத் திடல் 2024 அக்டோபர் 5ஆம் நாளன்று தன் கடைசிப் பந்தயத்தை நடத்தி முடித்துக்கொண்டது. ஊரின் பெயருக்கும் குதிரைக்கும் தொடர்பில்லை. மலாய்க்காரர்கள் 'கெராஞ்சி' என்றழைக்கும் மரத்தின் பெயரே அது. கறுப்பு வெல்வெட்டுத் துணி போன்ற தோலுக்குள் இனிப்பும் புளிப்புமாகச் சதை கொண்ட சிறு பழம் தரும் மரம். நம் புளிய மரத்துக்கு உறவு.

எப்படிப் போவது?

கிராஞ்சி எம்.ஆர்.டி. நிலையம் 1996 பிப்ரவரி 10ஆம் நாள் திறக்கப்பட்டது. லிட்டில் இந்தியாவிலிருந்து புறப்படுவோர்க்கு மூன்று வழிகள் உள்ளன. தேக்காவில் காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு கிளம்புவதாகவே வைத்துக்கொள்வோம். ரயிலிலும் பேருந்திலும் உண்பதும் பருகுவதும் கூடாது என்பதால் அதுவே வசதியும்கூட.

முதல் வழி, டௌன்டவுன் பாதையில் ஒரே ஒரு நிலையம் சென்று நியூட்டனில் இறங்கி, வடக்கு தெற்குப் பாதையில் ஜூரோங் ஈஸ்ட் நோக்கிச் செல்லும் ரயிலைப் பிடிப்பது. தோ பாயோ, பீஷான், ஈசூன், உட்லண்ட்ஸ் என்று தீவின் நடுவே ஏறி, வடக்கைச் சுற்றிக்கொண்டு கிராஞ்சிக்கு வரும். நடப்பதையும் காத்திருப்பதையும் சேர்த்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டால் அவசரம் இராது.

இரண்டாம் வழி, வடகிழக்குப் பாதையில் தோபி காட் சென்று மாறுவது. இதில் சற்றுக் கூடுதல் தூரம். ஆயினும் பெரியவர்கள் பலர் இவ்வழியையே விரும்புவார்கள். ஆர்ச்சர்ட் சாலையில் இருந்த சிவன் கோயில் இந்த நிலையம் கட்டுவதற்காகவே 1983இல் சிராங்கூன் சாலைக்குப் பெயர்ந்து, பின்னர் 1993இல் கேலாங் ஈஸ்ட்டில் நிலைபெற்றது. அந்தப் பழைய கோயிலில் வழிபட்டவர்களுக்கு இங்கே படியிறங்கும்போது ஏதேனும் நினைவு வராமல் போகாது.

மூன்றாம் வழிதான் எனக்குப் பிடித்தது. குவீன் ஸ்திரீட் நிலையத்திலிருந்து புறப்பட்டு, புக்கிட் தீமா சாலை வழியாக ஜோகூர் பாரு செல்லும் 170ஆம் எண் பேருந்து. நேரம் அதிகமாகும், மறுப்பதற்கில்லை. ஆனால் சன்னலோரம் உட்கார்ந்துவிட்டால் பாதித் தீவையும் பார்த்துவிடலாம். வண்டி நிறைய பேர் எல்லைக்குப் போகிறவர்களாக இருப்பார்கள். அவர்கள் சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்கப் போகிறார்கள். நாம் அதற்கு முன்பே உட்லண்ட்ஸ் சாலையில் இறங்கிவிடப் போகிறோம். பேருந்தின் ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள் டௌன்டவுன் பாதையில் புக்கிட் பாஞ்சாங் வரை ரயிலில் சென்று, அங்கிருந்து இதே பேருந்தில் ஏறிக்கொள்ளலாம்.

ரயில் வரைபடத்தைக் கூர்ந்து பார்க்கும் பிள்ளைகள் ஒன்றைக் கேட்கக்கூடும். இயூ டீ நிலையத்தின் எண் 5, அடுத்துள்ள கிராஞ்சியின் எண் 7. நடுவில் 6 எங்கே? அது சுங்கை காடுட் நிலையத்துக்காக விடப்பட்ட இடம். டௌன்டவுன் பாதை 2035ஆம் ஆண்டளவில் அங்குவரை நீளும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. அப்போது லிட்டில் இந்தியாவில் ஏறுகிறவர் இவ்வளவு வடக்கே சுற்ற வேண்டியிருக்காது.

ஒரே நாளில் முடிக்க வேண்டாம்

கிராஞ்சியில் பார்க்க வேண்டியவை இரண்டு: போர் நினைவிடம், சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று புறப்படுகிறவர்கள்தான் அதிகம். அது சரியான திட்டமன்று என்பது என் கருத்து. கார் உள்ளவர் நடுப்பகல் வெயிலில் குளிர்சாதனத்துக்குள் புகுந்துகொள்வார். நமக்கு அந்த நிழல் கிடையாது. காலையில் சதுப்புநிலத்தில் நடந்த முதியவரை உச்சி வெயிலில் கல்லறைத் தோட்டத்தின் படிகளில் ஏற்றுவது நியாயமாகாது. பிள்ளைகளும் சிணுங்கத் தொடங்கிவிடுவார்கள்.

அதைவிட, சனிக்கிழமை பிற்பகல் நினைவிடம். இரவு நம் வீட்டில் நம் படுக்கை. ஞாயிறு விடியலில் சுங்கை பூலோ என்று இரண்டு அரைநாட்களாகப் பிரித்துக்கொள்வது நலம். தங்கும் செலவு இல்லை. பயணக் கட்டணம் இருமுறை என்றாலும் அது பெரிய தொகையன்று. மூத்தோர் சலுகை அட்டை உள்ளவர்களுக்கு இன்னும் குறைவு. சனிக்கிழமை அரைநாள் வேலை செய்பவர்களும் விடுப்பு எடுக்க வேண்டியதில்லை.

நினைவிடம்

கிராஞ்சி நிலையத்திலிருந்து உட்லண்ட்ஸ் சாலையோரமாகப் பத்து நிமிட நடை. நடக்க இயலாதவர்கள் ஓரிரு நிறுத்தம் பேருந்தில் செல்லலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. மாலையில் வாயிலை அடைத்துவிடுவார்கள் என்பதால் 4 மணிக்கெல்லாம் உள்ளே இருப்பது நல்லது.

இவ்விடம் போருக்கு முன் இராணுவ முகாம். 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் ஜப்பானியர் இங்கே போர்க்கைதிகளை அடைத்து வைத்தனர். கைதிகள் தம்மோடிருந்து இறந்தவர்களைப் புதைத்த சிறு இடுகாடுதான், போர் முடிந்தபின் தீவின் பிற இடங்களிலிருந்த சமாதிகளையும் கொண்டுவந்து சேர்க்கப்பட்டு இன்றைய பெரும் தோட்டமாக விரிந்தது. 4,400க்கும் மேற்பட்டோர் இங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். குன்றின் உச்சியில் நிற்கும் சிங்கப்பூர் நினைவுச் சின்னத்தை 1957 மார்ச் 2ஆம் நாள் அப்போதைய ஆளுநர் சர் ராபர்ட் பிளாக் திறந்து வைத்தார். தரைப்படை அணிவகுப்பைப் போல் தூண்கள், விமானச் சிறகைப் போல் மேற்கூரை, நீர்மூழ்கிக் கப்பலின் கோபுரத்தைப் போல் உச்சி என்று முப்படைகளையும் குறிப்பதாக இதற்கு விளக்கம் சொல்வார்கள். தூண்களில் பொறிக்கப்பட்டுள்ள பெயர்கள் 24,000க்கும் மேல். உடல் கிடைக்காதவர்கள், கிடைத்தும் இன்னாரென்று அறியப்படாதவர்கள் ஆகியோரின் பெயர்கள் அவை.

அப்பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தால் நம் காதுக்குப் பழகிய பெயர்கள் வரிசை வரிசையாக வரும். சிங்குகள், ராம்கள், கான்கள், தாப்பாக்கள். மலாயாப் போரில் இந்தியப் படையினர் பெருந்தொகையினராக இருந்தனர். பஞ்சாப், டோக்ரா, கார்வால், கூர்க்கா, ஐதராபாத் எனப் பல படைப்பிரிவுகள் இங்கே போரிட்டன. அவற்றில் பெரும்பாலோர் வடநாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள்.

பொதுவாகச் சுற்றுலாப் பயணிகள் இந்தத் தூண்களோடு திரும்பிவிடுவார்கள். நம்மவர்கள் அங்கே நின்றுவிடாமல் பின்புறம் செல்ல வேண்டும். சிங்கப்பூர் நினைவுச் சின்னத்தை ஒட்டி, அதற்கு நேர் பின்னால், தகனம் செய்யப்பட்டவர்களுக்கென்று தனியே ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. ஏறக்குறைய 800 பேரின் பெயர்கள் அதில் உள்ளன. பெரும்பாலோர் இந்தியப் படையினர். அவரவர் சமய முறைப்படி எரியூட்டப்பட்டவர்கள்.

சற்று எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். கீழே தோட்டத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு கல் இருக்கிறது. பெயர் தெரியாதவருக்கும்கூட, 'ஒரு போர்வீரர்' என்று ஒரு கல் இருக்கிறது. எரியூட்டப்பட்டவருக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. நம் வழக்கப்படி இருக்கவும் வேண்டியதில்லை. சாம்பலை நீரில் கரைத்துவிட்டு, ஆண்டுதோறும் திதியன்று பெயர் சொல்லி எள்ளும் நீரும் விடுவதோடு நம் கடமை நிறைவேறுகிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டிய மகனோ உடன்பிறந்தானோ கடலுக்கு அப்பால் இருந்தான். தந்தை எங்கே, எந்த நாளில் எரியூட்டப்பட்டார் என்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்தவர்கள் எத்தனை பேரோ! அவர்களால் வர இயலாத இடத்துக்கு நாம் தேக்காவிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்துவிடுகிறோம். பூசை, படையல் என்று எதுவும் அங்கே செய்ய வேண்டியதில்லை. அவ்விடத்தின் ஒழுங்கும் அதற்கு இடந்தராது. நின்று, நான்கைந்து பெயர்களை வாய்விட்டு வாசித்தால் போதும். பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள்.

ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். இது படைவீரர்களுக்கான இடம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் - பர்மா ரயில்பாதை போடுவதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டுத் திரும்பாமற்போன பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களின் பெயர்கள் இத்தூண்களில் இரா. "தாத்தாவின் அண்ணன் சயாம் ரயிலுக்குப் போனவர், அவர் பெயர் இருக்கிறதா?" என்று தேடி வருபவர்கள் ஏமாற்றமடையக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம். படையில் இருந்தவரைத் தேடுவோர், வாயிலருகே வைக்கப்பட்டுள்ள பதிவேட்டைப் பார்க்கலாம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே தேடி, தூணின் எண்ணைக் குறித்துக்கொண்டு வருவது இன்னும் எளிது. அந்நாள் ஆங்கிலேய எழுத்தர்கள் நம் பெயர்களை எழுதிய விதம் அலாதியானது. எனவே ஒரே பெயரை நான்கைந்து எழுத்துக்கூட்டலில் தேடிப் பாருங்கள்.

நினைவிடத்தை அடுத்து அரசுக் கல்லறை உள்ளது. முதல் அதிபர் யூசோஃப் இஷாக்கும் இரண்டாம் அதிபர் பெஞ்சமின் ஷியர்ஸும் அங்கே துயில்கின்றனர். 1999 முதல் நம் கையில் புழங்கும் வெள்ளி நோட்டுகளில் இருப்பவர் யூசோஃப் இஷாக்தான் என்று சொன்னால் சிறுவர்களுக்கு ஆர்வம் பிறக்கும்.

பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டால் குன்றின் மேலுள்ள கூரையின் கீழ் ஒதுங்கலாம். உச்சிக்குப் படிகள் ஏறவேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் அவசரப்படாமல் இடையிடையே நின்று ஏறுவது நல்லது.

சுங்கை பூலோ

ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குக் கிராஞ்சி நிலையத்தில் இறங்கினால் ஒரு காட்சியைக் காணலாம். நாம் வந்த திசைக்கு நேரெதிராக, கிராஞ்சி, சுங்கை காடுட் வட்டாரத் தங்குவிடுதிகளில் வாழும் தொழிலாளர்கள், தோய்த்த சட்டையும் வாரிய தலையுமாகத் தேக்காவை நோக்கிக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். வாரத்தில் ஒருநாள் அவர்களுக்கு அதுதான் உல்லாசப் பயணம். வழி கேட்டால் ஊர்த் தமிழில் தெளிவாகச் சொல்லி அனுப்புவார்கள்.

நிலையத்திலிருந்து 925ஆம் எண் பேருந்து கிராஞ்சி நீர்த்தேக்கத்தை ஒட்டிய சாலையில் செல்கிறது. ஞாயிறு, பொதுவிடுமுறை நாட்களின் ஏற்பாடு மற்ற நாட்களிலிருந்து வேறுபடும். எண்ணுக்குப் பின்னால் வரும் ஆங்கில எழுத்தையும் நிறுத்தத்திலுள்ள பலகையையும் பார்த்துவிட்டு ஏறுங்கள். நீர்த்தேக்கத்தின் வாகன நிறுத்துமிடத்தருகே இறங்கிச் சாலையைக் கடந்தால், 2014இல் திறக்கப்பட்ட புதிய வருகையாளர் நிலையம். இங்கும் கட்டணமில்லை.

இக்காப்பகம் தானாக அமைந்ததன்று. ஒரு காலத்தில் இங்கே இறால் குளங்கள் இருந்தன. கடல்நீரை உள்ளே விடவும் வடிக்கவும் மதகுகள் வைத்த குளங்கள். நீர் வடிந்த குளங்களின் சேற்றில் வலசைப் பறவைகள் கூட்டங்கூட்டமாக இறங்குவதை 1986இல் பறவை ஆர்வலர் சிலர் கண்டனர். வேளாண் பண்ணைகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த நிலம் அது. மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையினர் அரசுக்கு எழுதிக் கேட்டுக்கொண்டதன் பேரில் 1989இல் 87 ஹெக்டர் நிலம் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1993 டிசம்பர் 6ஆம் நாள் அன்றைய பிரதமர் கோ சோக் டோங் அதைத் திறந்து வைத்தார். 2002இல் சட்டப்படிக் காக்கப்படும் இயற்கை வனமாயிற்று. இன்று அதன் பரப்பு 202 ஹெக்டர். இடம் பற்றாத இந்நாட்டில், சிலர் மனு எழுதிக் கேட்டதால் ஒரு சதுப்புநிலம் தப்பியது என்பது சிறிய செய்தியன்று.

செப்டம்பர் முதல் மார்ச் வரை, சைபீரியாவின் குளிருக்கு அஞ்சித் தெற்கே பறக்கும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் இங்கே இறங்கி இரைதேடுகின்றன. சில ஆஸ்திரேலியா வரை செல்லும். நாகப்பட்டினத்துக் கோடிக்கரையில் பறவைகள் வந்திறங்குவதைப் பார்த்தவர்களுக்கும், பிச்சாவரத்துக் கண்டல் காட்டில் படகில் சென்றவர்களுக்கும் இங்கே வந்தால் ஊர் நினைவு தட்டும். வேர்கள் சேற்றிலிருந்து விரல்களைப் போல் மேல்நோக்கி நிற்பதும், அதே உப்பு வாடையும்!

இங்கே கடிகாரத்தைவிடக் கடலின் ஏற்ற இறக்கமே முக்கியம். நீர் ஏறும்போது வெளியேயுள்ள சேற்றுத்திட்டுகள் மூழ்கிவிடும். பறவைகள் இளைப்பாற உள்ளே குளங்களுக்கு வரும். மறைவுக் குடில்களில் அமர்ந்து அருகில் பார்க்கலாம். நீர் வடிந்தபின் அவை இரை தேடிக் கடலோரம் சென்றுவிடும். அப்போது பார்க்க வேண்டியவை சேற்றில் தாவும் மீன்களும் நண்டுகளும். ஆகவே புறப்படுமுன் அன்றைய நீர்மட்ட அட்டவணையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காலை 8 அல்லது 9 மணிக்கு நீர் உயரும் ஞாயிறாகத் தேர்ந்தெடுத்தால் முதியோருக்கும் வெயில் ஏறுமுன் வேலை முடியும். வலசைப் பறவைப் பாதை 2 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, சமதரை.

உடும்புகள் பாதையின் குறுக்கே கிடக்கும். நீர்நாய்களும் சில நாள் கண்ணில் படும். முதலைகளும் உண்டு, எனவே பாதையை விட்டு இறங்கக் கூடாது. குரங்குகளைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. அனுமனின் குலம் என்று வாழைப்பழம் நீட்டுவது நம் பழக்கம். இங்கே காட்டு விலங்குகளுக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றம். மனிதர் கையில் உண்டு பழகிய குரங்கு, பிறகு பிளாஸ்டிக் பை வைத்திருக்கும் எவரையும் விடாது. புளியோதரையும் தயிர்சாதமும் கொண்டு செல்வதானால், மூடிய பாத்திரத்தில் முதுகுப் பைக்குள் வையுங்கள். கொண்டு செல்வது நல்லதும்கூட. அப்பக்கம் சைவ உணவுக் கடைகளை நம்பிப் போக முடியாது.

சாலையின் இந்தப் பக்கம், 1975இல் அணை கட்டி உருவாக்கிய கிராஞ்சி நீர்த்தேக்கம். அணையோரப் பூங்காவில் நின்றால் நீரிணைக்கு அப்பால் ஜோகூர் தெரியும். 1942 பிப்ரவரி 9ஆம் நாள் இரவு ஜப்பானியப் படை படகுகளில் வந்திறங்கிய கரை இதுதான். நீரில் விடப்பட்ட எண்ணெய் தீப்பற்றி எரிந்ததில் வந்தவர்களிலும் பலர் மாண்டனர். சம்பவத்தைக் கூறும் பலகை ஒன்று அங்கே உள்ளது. முதல்நாள் குன்றின்மேல் பெயர்களைப் பார்த்த பிள்ளைகளுக்கு, மறுநாள் இக்கரையைக் காட்டி விளக்குவது எளிது. இதற்காகவும் நினைவிடத்தை முதலில் வைத்தோம்.

சுற்றுவட்டாரப் பண்ணைகளைப் பற்றிப் பலர் கேட்பார்கள். லிம் சூ காங் பக்கத்தில் பல பண்ணைகளின் நிலக் குத்தகை முடிந்துவிட்டது. பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பிக் கிளம்பாமல், செல்லவிருக்கும் பண்ணைக்குத் தொலைபேசியில் கேட்டபின் போகவும்.

வடக்கே வந்ததற்குக் கோயிலும் வணங்கிச் செல்ல நினைப்போர்க்கு, சுங்கை காடுட் அவென்யூவில் அரசகேசரி சிவன் ஆலயம் இருக்கிறது. நடை சாத்துமுன் சேர வேண்டுமானால் சதுப்புநிலத்திலிருந்து 10 மணிக்காவது கிளம்ப வேண்டும்.

சக்கர நாற்காலியில் இருப்பவர்களை வீட்டில் விட்டுச் செல்ல வேண்டாம். எம்.ஆர்.டி. நிலையங்களில் மின்தூக்கி உண்டு. பேருந்திலும் ஓட்டுநர் சாய்தளத்தை இறக்கி ஏற்றிவிடுவார். நினைவிடத்தின் உச்சிப்படிகள் அவர்களுக்குக் கடினம். கீழுள்ள தோட்டத்தின் புல்வெளிவரை செல்லலாம். சுங்கை பூலோவில் வருகையாளர் நிலையத்தில் கேட்டால் நாற்காலி செல்லத்தக்க பாதையைக் காட்டுவார்கள். திரும்பும் பேருந்துக்குச் சிலவேளை நீண்ட நேரம் காத்திருக்க நேரும். குடையும் ஆளுக்கொரு புட்டி தண்ணீரும் மறவாதீர்கள்.